நெய்தற் பாக்கத்தின் அன்றாட வாழ்வும் இரங்கலும்

அகத்திணை ஐந்தனுள் நெய்தற்கு உரிப்பொருள் இரங்கல் என்பது இலக்கணம் கற்றார் யாவரும் அறிந்ததே. கருப்பொருள் இவை எனத் தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றை எண்ணிக் காட்டுவர். இவற்றை மாணவர் பட்டியலாக மனப்பாடம் செய்கின்றனர். ஆய்வாளரும் பெரும்பாலும் பட்டியலாகவே கையாளுகின்றனர். அதனால் விளைந்தது யாது? நெய்தற் பாட்டொன்றில் மீன் உலர்த்தலும் உப்பு விற்றலும் வருமாயின், வரலாற்றறிஞர் அவற்றைத் தொழில் வரலாற்றிற்குச் சான்றாகப் பெயர்த்தெடுத்துக்கொள்வர். நயம் காண்பாரோ பின்புலம் என்னும் ஒரு சொல்லால் அவற்றைக் கடந்து, தலைவியின் துயரை நோக்கி விரைவர். பாட்டு இருகூறுபட்டு, இருவர் கையிலும் குறைப்பட்டே நிற்கின்றது.

தனிநாயக அடிகளார் 1952இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு 1966இல் திருத்தி வழங்கிய நூலும், மு. வரதராசனார் 1957இல் வெளியிட்ட ஆய்வும் சங்கப் பாட்டின் இயற்கையைப் பிறமொழியாளரும் அறியச் செய்தன. 1967இல் வந்த ஏ. கே. இராமானுசனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு, புறநிலமே அகநிலமாகும் திறத்தினை விளக்கிற்று. இவற்றின் பெருமையை யாம் மறுக்கப் புகவில்லை. ஆயினும் இவை மிகுதியும் நோக்கியவை கடலும் கானலும் நாரையும் புன்னையுமே. ஈண்டு யாம் நோக்க முற்படுவது வேறு. ஒரு பாக்கத்தில் தந்தை, தாய், மகள், தோழி, சுற்றத்தார் என்போர் நாள்தோறும் செய்யும் செயல்கள் யாவை, அவற்றிற்கும் இரங்கலுக்கும் உள்ள உறவு யாது என்பதே எம் வினா. தொழில் கருப்பொருட் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொழிலைச் செய்யும் தந்தையும் தாயும் அப்பட்டியலில் இலர் என்பதும் உடன் நினைதற்குரியது.

உலோச்சனார் பாடிய நற்றிணை 331ஆம் பாட்டினை முதற்கண் எடுத்துக்கொள்வோம். ஏர் பிடியாமலே விளைவு காணும் உப்பு விளைஞர், உமணரின் வண்டிநிரை வரும் காலத்தை எதிர்நோக்கி, கானலில் உப்பைக் குவித்துக் காவல் செய்து வைத்துள்ளனர். அருகே மீன் காய்கின்றது. காயும் மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டிக்கொண்டிருந்த இளமகளிர், தம் தோழியரோடு கூடி அவ்வுப்புக் குவியலின்மேல் ஏறுகின்றனர். ஏறி நின்று கடலைப் பார்க்கின்றனர். மீன் வேட்டை மேற்சென்ற உறவினரின் படகுகள் தெரிகின்றன. இது எங்கள் அப்பன் படகு, அது உங்கள் அப்பன் படகு என ஒருத்தி மற்றொருத்திக்குச் சுட்டிச் சுட்டி எண்ணுகின்றனர்.

விளையாட்டாகவே இஃது ஒருவர்க்குத் தோன்றும். ஆனால் இக்காட்சியில் உள்ளன எல்லாம் எதனையோ எதிர்நோக்கியிருப்பதனை நோக்குக. உப்பு வண்டியை எதிர்நோக்கியிருக்கின்றது. மீன் வெயிலில் உலர்ந்து பதம் பெறுதற்குக் காத்திருக்கின்றது. சிறுமியர் படகை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். எண்ணுவது ஏன்? சென்றவை எத்தனை, தெரிவன எத்தனை என்னும் கணக்கு கடற்கரை இல்லத்தில் விளையாட்டுக்கு மட்டும் உரிய கணக்கன்று. அச்சம் என்று புலவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமையே பாட்டிற்கு வலிமை. இப்பெண் பின்னொருநாள் தலைவன் தேரின் ஒலிக்காகக் காத்திருக்கும்போது, காத்திருத்தல் அவளுக்குப் புதிதாக இராது. தந்தையின் படகிற்காகக் கரையில் நின்று அதனை அவள் முன்னரே பயின்றிருக்கின்றாள். நெய்தலின் இரங்கல் காதலில் தோன்றுவதற்கு முன் குடும்பத்தில் தோன்றியது என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவ விழையும் கருத்து.

இப்பாட்டின் பிற்பகுதி ஒரு சிக்கலை உடையது. பேசுபவள் தோழி; கேட்பவன் தலைவன். பகையில்லாத எம் நல்லூர் இனியது, இனி நீ வரினும் தவறில்லை, பிறர் அறிவது எங்ஙனம், உறவினரை உறவினரே அறியாத சேரியும் இங்கு உளது எனத் தோழி அவனுக்கு இரவுக்குறிக்கு இசைவு தருகின்றாள். தொலைவில் மிதக்கும் படகைக்கூட இஃது இன்னாருடையது என்று பெயர் சுட்டும் ஊரில், உறவினரை உறவினர் அறியார் என்பது எவ்வாறு பொருந்தும்? சேரி என்னும் சொல்லின்மேல் நிற்கும் உம்மையை எச்சவும்மையாகக் கொண்டால், ஒருவரையொருவர் நன்கறிந்த சிறுகுடியோடு மக்கள் நெருங்கிய வேறொரு சேரியும் உளது எனப் பொருள் கூறி அமையலாம். நெய்தற் குடியிருப்புகள் பெருநகர்த் தன்மை எய்தியமைக்கு இதனைச் சான்றாகக் காட்டவும் கூடும். யாம் அவ்வளவு தூரம் செல்ல ஒருப்படோம். இது தோழியின் கூற்று. தலைவன் அச்சத்தைப் போக்க எழுந்த கூற்று. குடிமதிப்புக் கணக்கன்று. எல்லாக் கண்ணும் கடலை நோக்கியிருக்கும் ஊரில் கானலின் உட்புறத்தை நோக்கும் கண் இல்லை என்பதே அவள் கருதியதாதல் வேண்டும். முற்பகுதியில் படகெண்ணும் காட்சியைப் புலவர் வைத்தமைக்கும் இதுவே காரணமாகலாம்.

குடும்பத்தின் தொழிலைக் காலம் காட்டும் கருவியாகக் கொள்ளும் இத்திறம் குறுந்தொகை 269இல் இன்னும் தெளிவாக விளங்குகின்றது. கல்லாடனார் பாட்டு அது. சுறாமீன் தாக்கிய புண் ஆறித் தந்தை மீண்டும் கடலுட் புகுந்துவிட்டான். தாய் உப்பைக் கொடுத்து வெண்ணெல் பெற்றுவர உப்பளத்திற்குச் சென்றிருக்கின்றாள். ஆதலின் இப்பொழுது வரின் தலைவியைக் காண்டல் எளிது என நெடுவழி சென்று சேர்ப்பனிடம் சொல்வார் உளராயின் நன்று என்பது பாட்டின் பொருள். தந்தையின் புண் ஆறியதனை நற்செய்தியாகக் கூறும் அதே வாய், அவன் இல்லத்தில் இல்லாமையை வாய்ப்பாகவும் கூறுகின்றது. இதனை நன்றியின்மை என்று கூற யாம் துணியோம். புண்பட்டுக் கிடந்த நாள்களில் தந்தை வீட்டிலேயே இருந்தான். மகள் வெளியே செல்லல் அரிதாயிற்று. அந்நாள்களின் கவலையும் நெருக்கமும் தடையும் ஒருங்கே அச்சொற்களின் பின் நிற்கின்றன. புண் ஆறியவன் அதே கடலுக்கே திரும்பினான் என்பதில் அடங்கிய துயரை உரை எழுதுவோர் விரித்துரைத்தல் வேண்டும். தொழில் என்று தனியே பிரித்தால் இது மீன் பிடித்தலும் உப்பு மாற்றுதலும் ஆகும். பாட்டிலோ அது காதலுக்குரிய ஒரு பகற்பொழுதின் அளவு.

தாயின் காவலும் இவ்வன்றாட வாழ்வின் ஒரு கூறே. குடவாயிற் கீரத்தனார் பாடிய அகநானூறு 60இல், திமிலில் தொழிலோடு தங்கிவிட்ட தந்தைக்குச் சிறுமகள் உணவு கொண்டு கொடுக்கின்றாள். உப்பு விற்றுப் பெற்ற நெல்லின் வெண்சோறு. அதன்மேல் அயிலை மீனிட்ட புளிக்குழம்பு. உடன் கொழுமீன் துண்டம். பொறையனது தொண்டியைச் சிறப்பிக்க வந்த காட்சி இது. சேரனுடைய பட்டினத்தைப் புகழப் புகுந்த புலவர், மாளிகையையும் மரக்கலத்தையும் விடுத்து, ஒரு சிறுமி தந்தைக்கு இட்ட சோற்றினைத் தேர்ந்தமை எண்ணி இன்புறத்தக்கது. அதே பாட்டில் தாயோ, மணல்மேட்டில் தோழியரோடு விளையாடினும் உன் மேனி வாடுமே என்று வாளா சினப்பவள். செய்தி அறிந்தால், குடந்தையில் சோழர் வைத்த செல்வத்தினும் மிகுதியாகக் காவல் செய்வாள் எனத் தோழி அஞ்சுகின்றாள். தந்தைக்குச் சோறு கொண்டு செல்லும் உரிமையும் தோழியரோடு ஆடுதற்குத் தடையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. கடற்கரைப் பெண்ணின் உலகம் எவ்வளவு அகன்றது, எவ்வளவு குறுகியது என்பதனை வேறு எவ்வாறு காட்ட இயலும்?

அச்சோற்றில் கடல் தந்தது மீன் மட்டுமே. நெல் உள்நாட்டு வயலினின்றும் வந்தது. உப்பு அதற்கு விலையாகச் சென்றது. சென்ற உப்பின் மறுமுனை எமக்கு அண்மையிலேயே உள்ளது. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகைத்தளத்துத் தமிழ்ப் பிராமி எழுத்துகளில், கொடையளித்த வணிகர்களுள் மதுரை உப்பு வணிகன் ஒருவனும் குறிக்கப்பெறுகின்றான். வையைக் கரையில் வாழ்ந்தார்க்குக் கடல் உப்பாக வந்தடைந்தது. அம்மூவனாரின் அகநானூறு 140இல் உப்பிற்கு மாறாக நெல் கேட்டுத் தெருவிற் கூவிச் செல்லும் உமணர் மகளைக் கண்டு, அவளது புதிய குரல் கேட்டுக் குரைத்த நாயைக் கண்டு அவள் அஞ்சிய நோக்கில் தலைவன் உள்ளம் இழக்கின்றான். இந்நிகழ்ச்சியை உழவர் தெருவின் பக்கம் நின்று பார்த்தால், மதுரைச் சமவெளியின் எச்சிற்றூர்க்கும் அது பொருந்தும்.

உள்நாட்டில் வாழ்ந்த புலவர்க்குக் கடல்வாழ்வு ஏட்டறிவேயன்றிக் கண்டறிவன்று என்னும் ஒரு கருத்து உண்டு. அகநானூறு 70இன் ஆசிரியர் மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார். வேட்டை வாய்த்த பரதவர் புலால் மணக்கும் சிறுகுடியில், வலை தந்த பயனைப் புகழ்ந்து, பின் கொழுத்த அயிலை மீனைப் பங்கிடுகின்றனர் என்று அவர் தொடங்குகின்றார். பங்கிடுதலை யாரும் புனையலாம். பங்கிடுமுன் வலையைப் பாராட்டும் வழக்கத்தை, அம்மக்களோடு பழகியவரிடம் கேட்டேனும் அறியாமல் ஒருவர் எழுதியிருத்தல் அரிது. இப்பாட்டிலேயே ஊரலரின் பெருக்கமும் பேசப்படுகின்றது. மணம் உறுதியானபின் ஊர்வாய் அடங்கியது; பாண்டியரின் தொன்முது கோடியில் இராமன் மறைபொருள் ஆராய்ந்தபோது பறவையொலி அவிந்த ஆலமரம் போன்றது அவ்வடக்கம் என்பது உவமை. மீனைப் பகிர்ந்துண்ணும் ஊரே செய்தியையும் பகிர்ந்துண்ணும். நற்றிணை 331இல் தோழி கூறிய அறியாமையை உண்மைச் செய்தியாகக் கொள்ளலாகாது என்னும் எம் கருத்திற்கு இப்பாட்டு அரணாகின்றது.

இனி, மீன்நாற்றம் பற்றி ஒரு சொல். போந்தைப் பசலையாரின் அகநானூறு 110இல், சிற்றில் இழைத்துச் சிறுசோறு சமைத்து விளையாடிய மகளிரிடம் அயலான் ஒருவன் வந்து, பொழுது போயிற்று, விருந்துண்டு இங்குத் தங்கலாமா என்கின்றான். இது தாழ்ந்த மீனுணவு, உமக்கு ஏலாது என்று மகளிர் மறுக்கின்றனர். நற்றிணை 45இலோ தோழியின் குரல் வேறு. நீ தேருடைய பேரூர்ச் செல்வன் மகன், இவள் கானற் சிறுகுடிப் பரதவர் மகள், உலரும் சுறாத் துண்டங்களுக்குப் பறவை ஓட்டும் எம்மேல் மீன் நாறும், விலகி நில், எம் சிறிய வாழ்வு உம்முடையது போன்றதன்று, எம்முள்ளும் சிறந்தார் உளர் என அவள் முடிக்கின்றாள். முன்னது பணிவுபோல் தோன்றும் நகை. பின்னது நகைபோல் தோன்றும் சினம். இரண்டும் ஒரே நாற்றத்தைப் பற்றியவை. புலால் என்பதனைக் கருப்பொருட் பட்டியலில் ஓர் உருப்படியாக மட்டும் எண்ணியவர்க்கு இவ்வேறுபாடு புலனாகாது.

எம் கருத்து எல்லா நெய்தற் பாட்டிற்கும் பொருந்தும் என்று யாம் கூறவில்லை. நள்ளிரவில் கடலொலி ஒன்றையே துணையாகக் கொண்டு இரங்கும் தலைவியரும் உளர். அப்பாட்டுகளில் தந்தையும் இல்லை, உப்பும் இல்லை. மேலே கண்டவற்றில் மட்டும், வீட்டை நீக்கினால் இரங்கல் வேரற்றுப் போகும் என்கின்றோம்.

நற்றிணை 172இல் வேரே பேசப்படுகின்றது. தோழியரோடு விளையாடுகையில் வெண்மணலில் அழுத்தி மறந்த புன்னை விதை முளைத்தது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்த்தனர். உங்களினும் சிறந்தது இது, உங்கள் தங்கை எனத் தாய் கூறிவிட்டாள். அதன் நிழலில் உம்மோடு நகையாட நாணுகின்றோம், வேறு நிழலும் உள என்பது தலைவனுக்குக் கூறும் மறுமொழி. பகற்குறி மறுத்தல் என்று துறை வகுத்து நிறுத்துவது எளிது. ஒரு தாய் விளையாட்டாகக் கூறிய சொல், மகளிரின் நாணமாகி வளர்ந்து நிற்பதே பாட்டின் உயிர் என யாம் கருதுகின்றோம்.

மணப்பாட்டுக் கடற்கரையைக் களமாகக் கொண்டு வண்ணநிலவன் எழுதி 1977இல் வெளிவந்த 'கடல்புரத்தில்' என்னும் நாவலில், மகன் வற்புறுத்தியும் வல்லத்தை விற்க மனமில்லாத தந்தை குரூஸ் மிக்கேலையும், மகள் பிலோமியையும், அவள் தோழி ரஞ்சியையும் காண்கின்றோம். படகில் குடும்பத்தின் துயர் தங்கியிருத்தல் அங்கும் உண்டு. ஆனால் ரஞ்சிக்குத் தனக்கென ஒரு வாழ்வு உண்டு. சங்கத் தோழிக்கு அகமரபு அதனை வழங்கவில்லை. அவள் பேசுவன எல்லாம் தலைவியைப் பற்றியன, அல்லது தலைவிக்காக. இம்மரபின் இறுக்கத்திற்கு நடுவே, உப்புக் குவியலின்மேல் ஏறிநின்ற சிறுமியருள் ஒருத்தி மற்றொருத்தியின் தந்தை படகினையும் சேர்த்து எண்ணிவிடுகின்றாள். தோழிக்கும் தந்தை உளன். அவனும் கடல்மேல் உளன். அப்படகுகளுள் தலைவியின் தந்தையது எது, தோழியின் தந்தையது எது என்பதனை உலோச்சனார் பிரித்துக் கூறவில்லை.