‘சிட்டிசன் கேன்’ விடுதிக் காட்சி: ஆழ்குவிய ஒளிப்பதிவும் வர்க்கக் கருத்தியலும்

முன்னுரை

ஆர்சன் வெல்ஸ் இயக்கத்தில் 1941ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’, ஆழ்குவிய ஒளிப்பதிவுக்காகத் திரையியல் ஆய்வுகளில் தொடர்ந்து எடுத்துக்காட்டப்படும் படம். சட்டகத்தின் முன்புறமும் பின்புறமும் ஒரே வேளையில் தெளிவாகத் தெரியுமாறு படமாக்குவதே ஆழ்குவியம். இது பார்வையைக் குறிப்பிட்ட ஒன்றின்மேல் திணிக்காமல் தெரிவைப் பார்வையாளரிடமே விடுகிறது என்றார் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆந்த்ரே பசான். திரைத் தொழில்நுட்பம் எதுவும் கருத்தியலுக்கு வெளியே நிற்பதில்லை என்று பின்னர் வாதிட்டார் ழான்-லூயி கொமோலி. இவ்விரு கருத்துகளின் பின்னணியில், சிறுவன் கேன் வங்கியாளரிடம் ஒப்படைக்கப்படும் காட்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

காட்சியின் பொருளியல் அடிப்படை

காட்சி 1871இல் கொலராடோவில் நிகழ்கிறது. மேரி கேன் சிறு விடுதி ஒன்றை நடத்துகிறார். அங்குத் தங்கிய ஒருவர் வாடகைக்கு ஈடாக விட்டுச்சென்ற சுரங்கப் பத்திரம் பெருஞ்செல்வத்துக்கு உரியது எனத் தெரியவருகிறது. மேரி அச்செல்வத்தின் நிருவாகத்தையும் மகனின் வளர்ப்பையும் வங்கியாளர் தாட்சரிடம் ஒப்படைக்கிறார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் கிடைக்கும். மகன் 25 வயதில் உடைமையைப் பெறுவான்.

இடமும் அதிகாரமும்

பனியில் விளையாடும் சிறுவனிடம் தொடங்கும் கேமரா, சன்னல் வழியாக அறைக்குள் பின்வாங்கி மேசையருகே நிற்கிறது. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் இந்நகர்வையும் அதைத் தொடரும் உரையாடலையும் இடைவெட்டின்றிப் பதிவுசெய்துள்ளார். மேசையில் தாயும் வங்கியாளரும் பத்திரத்துடன் பெரிதாகத் தெரிகின்றனர். தந்தை நடுப்பகுதியில் நின்று மறுப்புத் தெரிவிக்கிறார். சிறுவன் தொலைவில், சன்னல் சட்டத்துக்குள் சிறு உருவமாக இருக்கிறான். பத்திரத்துக்கு எவ்வளவு அருகில் ஒருவர் இருக்கிறாரோ அந்த அளவுக்கு அவர் உருவம் பெரிதாகிறது. எனவே இச்சட்டகத்தின் ஆழம் நடுநிலையானதன்று. உடைமை உறவின் வரிசைமுறையே இடத்தின் வரிசைமுறையாகியுள்ளது.

ஆயினும் பசானின் கருத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாது. கையெழுத்தையும் சிறுவனையும் தனித்தனிச் சட்டகங்களாக வெட்டிக் காட்டியிருந்தால் ஒப்பந்தம் வெறும் அலுவலாகத் தோன்றியிருக்கும். இங்கோ, கையெழுத்திடும் வேளையில் கைமாறும் ‘பொருள்’ அதே சட்டகத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறது. ஒன்றிய ஒற்றுமையைப் போற்றும் உள்நாட்டுப் போர்க்கால முழக்கத்தைச் சிறுவன் எழுப்ப, உள்ளே குடும்பம் பிளவுபடுகிறது. தொகை அறிவிக்கப்பட்டதும் தந்தை எதிர்ப்பைக் கைவிட்டுச் சன்னலை மூடுகிறார். தாய் அதனை மீண்டும் திறக்கிறார். அப்போதுதான் வெட்டு நிகழ்ந்து, வெளியிலிருந்து அவர் முகம் அருகில் காட்டப்படுகிறது. பணம் அடைத்த வழியைத் தாய்மை திறந்தாலும், அது மகனை அனுப்பிவைப்பதற்காகவே திறக்கிறது.

மறைக்கப்படுவன

காட்சி ஒன்றை வெளிப்படுத்தும்போதே மற்றொன்றை மறைக்கிறது. செல்வத்தின் மூலம் சுரங்கம். ஆனால் அதில் உழைப்பவர் எவரும் சட்டகத்துக்குள் இல்லை. உழைப்பால் விளையும் செல்வம், மறந்துபோன பத்திரம் ஒன்றிலிருந்து வந்த நற்பேறாகவே அறிமுகமாகிறது. மேலும், சிறுவனை அடிக்க வேண்டும் எனத் தந்தை கூறியதும், அவர் கைக்கு எட்டாத இடத்தில் மகன் வளரவேண்டும் என்கிறார் தாய். இந்த ஓர் உரையாடலால் வர்க்க மாற்றத்தின் காரணம் குடும்பக் காரணமாக மாற்றப்படுகிறது. வங்கியின் பிடி மறைந்து, தாயின் தியாகம் முன்னிற்கிறது.

வங்கியாளரின் ஏடும் கேமராவும்

படக்கதையின்படி இக்காட்சி தாட்சரின் நினைவுக் குறிப்புகளை ஒரு செய்தியாளர் படிப்பதாக அமைகிறது. ஆகவே குடும்பத்தின் பிரிவு, அப்பிரிவால் பயன்பெற்ற வங்கியாளரின் ஏட்டின் வழியே சொல்லப்படுகிறது. ஆனால் கேமரா அவ்வேட்டுக்குள் அடங்கவில்லை. அனைவரும் சென்றபின் தனித்துக் கிடக்கும் பனிச்சறுக்கு வண்டியின்மேல் பனி படிகிறது. தொலைவில் தொடர்வண்டியின் ஊதல் கேட்கிறது. அதைக் காணத் தாட்சர் அங்கில்லை. காண்பவர் பார்வையாளர் மட்டுமே. வங்கியாளரின் கணக்கில் இடம்பெறாத இழப்பைத் திரைமொழி இவ்வாறு பதிவுசெய்கிறது.

எனினும் அவ்வண்டியே படத்தின் புதிருக்கான இறுதி விடையாகவும் ஆக்கப்படுகிறது. அதனால் உடைமை குறித்த விமரிசனம், இழந்த குழந்தைமைக்கான ஏக்கமாகச் சுருங்குகிறது.

முடிவுரை

இக்காட்சியில் ஆழ்குவியம் பார்வையாளருக்குச் சுதந்திரம் மட்டும் தருவதுமில்லை. ஆளும் கருத்தியலை அப்படியே ஏற்கவைப்பதுமில்லை. ஒப்பந்தத்தின் விலையை மறைக்கவிடாத அதே சட்டகம், அவ்விலையைத் தனியொருவரின் இழப்பாக மட்டுமே காட்டுகிறது. எனவே ஒரு தொழில்நுட்பத்தை முற்போக்கானது என்றோ பிற்போக்கானது என்றோ பொதுவாக வகைப்படுத்துவதைவிட, குறிப்பிட்ட காட்சியில் அது யாரை அருகில் வைக்கிறது, யாரைத் தொலைவில் வைக்கிறது, யாரைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்துகிறது என ஆராய்வதே திரைத் திறனாய்வுக்குப் பயன்தரும்.