ஒப்புமை போதுமோ?

"வாத்தியாரே, சங்கதி கேட்டீர்களா? ஏசுநாதர் கதையைக் கட்டியவர்களே ரோமாபுரிச் சக்கரவர்த்திகளாம்! புத்தகமே வந்திருக்கிறதாம்!"

தறி ஓசை ஓயாத பொதட்டூர்பேட்டைத் தெருவொன்றில், தேநீர்க் கடை வாயிலில் நம்மை நிறுத்தி இப்படிக் கேட்டார் நெசவாளத் தோழர் ஒருவர். நம்மினும் பத்தாண்டு மூத்தவர். பகுத்தறிவில் பற்றுடையவர். ஊரே காவடி தூக்கித் திருத்தணி மலைக்குப் புறப்படும் நாளிலும் தறியை நிறுத்தாத உறுதி படைத்தவர். கைப்பேசித் திரையில் ஏதோ ஒரு படத்தைக் கண்டிருக்கிறார். கண்டதைச் சொல்லும்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி பொங்கிற்று. நாம் மட்டும் மறைப்பானேன்? கேட்டவுடன் நமக்கும் மகிழ்ச்சிதான்! மதமென்பது மன்னர் விரித்த வலை என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்த உள்ளமல்லவா!

வீடு திரும்பிய பின் அந்த மகிழ்ச்சியே நம்மை உறுத்திற்று. சான்றைக் கண்டு மகிழ்ந்தோமா, நமக்குப் பிடித்த முடிவைக் கண்டு மகிழ்ந்தோமா? இந்த வினாவை விட்டுவிட மனம் வரவில்லை. நூலைத் தேடிப் படித்தோம்.

நூலின் பெயர் 'சீசரின் மெசியா'. எழுதியவர் ஜோசப் ஆட்வில் என்னும் அமெரிக்கர். வெளிவந்தது 2005-ஆம் ஆண்டில். அவர் கூறுவது இது: கி.பி. 66-இல் யூதர்கள் ரோமப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அதனை அடக்கியவர்கள் வெஸ்பாசியனும் அவன் மகன் டைட்டஸும். கி.பி. 70-இல் எருசலேம் எரிந்தது. வாளால் உடலை அடக்கியவர்கள், உள்ளத்தை அடக்க ஒரு கதையைப் புனைந்தனர். வரி கொடு, பகைவனை நேசி, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்று போதிக்கும் அமைதியான மீட்பரைப் படைத்து யூதரிடையே உலவவிட்டனர். இதுவே ஆட்வில் காட்டும் வரலாறு.

சான்று என்ன? யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிய போர் வரலாற்றையும் நற்செய்தி நூல்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுகிறார். கலிலேயாக் கடலருகே ஏசு சீடர்களை அழைத்து, மனிதரைப் பிடிக்கும் வலைஞர் ஆக்குவேன் என்கிறார். அதே கடலில் ரோமப் படை, நீரில் குதித்துத் தப்ப முயன்ற யூதரைக் கொன்று குவித்ததை ஜோசபஸ் எழுதுகிறார். எருசலேம் முற்றுகையின்போது பசி தாளாமல் தன் குழந்தையையே கொன்று உண்ட மரியாள் என்னும் தாயைப் பற்றி ஜோசபஸ் கூறுகிறார். நற்செய்தி நூல்களிலும் ஒரு மரியாள், அவள் மகன், உண்ணப்படும் உடல்! டைட்டஸின் படையெடுப்பே ஏசுவின் பயணமாக உருமாறிற்று என்று முடிக்கிறார் ஆட்வில்.

இவ்வழியில் நடந்தவர் இவர் ஒருவரல்லர். 1999-இல் பிரான்செஸ்கோ கரோட்டா என்பவர், ஏசுவின் கதை ஜூலியஸ் சீசரின் கதையே என்றார். காலியா என்ற நாடு கலிலேயா ஆயிற்றாம். சீசர் கடந்த ரூபிகான் ஆறு யோர்தான் ஆயிற்றாம்! இவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே, ஜெர்மானிய அறிஞர் புரூனோ பாவர், 1877-இல் எழுதிய நூலில், கிறித்தவம் பாலஸ்தீனத்தைவிட ரோமாபுரிக்கும் கிரேக்கச் சிந்தனைக்கும் கடன்பட்டது என்றார். பாவர் ஆழ்ந்த படிப்பாளி. மதத்தை ஆய்ந்ததற்காக 1842-இல் பல்கலைக்கழக ஆசிரியப் பணியை இழந்தவர். அவர் மறைந்த 1882-இல் எங்கெல்ஸ் அவரைப் போற்றிக் கட்டுரை தீட்டினார். அவர் முடிவை ஏற்காதோரும் அவர் உழைப்பை மதிப்பர். மூவரையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது.

ரோமாபுரியின் சாயல் கிறித்தவக் கதைகளில் உண்டு என்பதில் ஐயமில்லை. அகஸ்டஸ் மன்னன் தன்னைத் தெய்வத்தின் மகன் என்று நாணயங்களில் பொறித்துக்கொண்டான். ஆசியா மைனரின் பிரியேனே நகரில் கிடைத்த கி.மு. 9-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவன் பிறந்த நாளை உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம் என்று புகழ்கிறது. வெஸ்பாசியன் அலெக்சாந்திரியாவில் குருடன் ஒருவனுக்கு எச்சில் தடவிப் பார்வை தந்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார்; மாற்கின் நற்செய்தியிலும் எச்சிலால் பார்வை பெறும் குருடன் உண்டு. பேரரசின் நிழலில் வாழ்ந்த மக்கள், பேரரசின் சொற்களை எடுத்துத் தம் தலைவனுக்குச் சூட்டினார்கள் என்று கொண்டால் இதில் வியப்பில்லை. அதிலிருந்து, சக்கரவர்த்தியே உட்கார்ந்து கதை எழுதினான் என்று தாவுவதற்குத்தான் பாலம் வேண்டும். அந்தப் பாலம் நூலில் இல்லை!

காலக்கணக்கைப் பார்ப்போம். பவுல் எழுதியவை என்று பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கும் ஏழு மடல்கள், ஏறத்தாழ கி.பி. 50-க்கும் 60-க்கும் இடைப்பட்டவை. வெஸ்பாசியன் அரியணை ஏறியதோ கி.பி. 69-இல். அரசன் அமர்வதற்கு முன்பே அவன் படைத்த மதத்துக்குச் சபைகள் இருந்தன என்றால், அது எவ்வாறு? கி.பி. 64-இல் ரோமாபுரி எரிந்தபோது நீரோ கிறித்தவர்கள்மேல் பழி சுமத்தி வதைத்தான் என்றும் டாசிடஸ் எழுதுகிறார்.

இதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. ஏறத்தாழ கி.பி. 112-இல், கருங்கடற்கரை மாநிலமொன்றின் ஆளுநர் பிளினி, சக்கரவர்த்தி டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினான். கிறித்தவர்களை எப்படி விசாரிப்பது, எதற்காகத் தண்டிப்பது என்று தெரியவில்லை, வழி காட்டுங்கள் என்று கேட்கிறான். உண்மையை அறிய, சபையில் தொண்டு செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும், மிதமிஞ்சிய மூடநம்பிக்கை தவிர வேறெதையும் காணவில்லை என்றும் அவனே எழுதுகிறான். அவர்களைத் தேடிப் போக வேண்டா, பெயரில்லாப் புகார்களை ஏற்க வேண்டா என்று டிராஜன் விடை அனுப்புகிறான். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அரசு செய்த சரக்கு என்றால், இரண்டு தலைமுறைக்குள் ஆளுநருக்கும் தெரியவில்லை, அரசனுக்கும் தெரியவில்லை! ஆட்வில்லின் கொள்கையைப் பெரும்பாலான ஆய்வாளர் தள்ளினர். கிறித்தவ நம்பிக்கையே இல்லாத ராபர்ட் பிரைஸ் போன்றவர்களும் தள்ளினர்.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப், 1886-இல் வெளியிட்ட அப்பதிப்பின் முன்னுரையில், வள்ளுவர் மயிலைக் கடற்கரையில் கிறித்தவ ஆசிரியர்களோடு பழகியிருப்பார் என்று கற்பனை செய்தார். 1969-இல் மு. தெய்வநாயகம், 'திருவள்ளுவர் கிறித்தவரா?' என்று நூலெழுதினார். வள்ளுவர் தோமையாரிடம் பாடம் கேட்டவர் என்றார். கடவுள் வாழ்த்து, வான் சிறப்பு, நீத்தார் பெருமை என்ற மூன்று அதிகாரங்களில் கிறித்தவத்தின் மூவொரு கடவுளைக் கண்டார். மழையைப் பாடிய அதிகாரம் தூய ஆவியைப் பாடியதாயிற்று! உழவன் ஏர் நின்றுபோவதைப் பற்றிக் கவலைப்பட்ட புலவர், மழையை மழை என்றே சொன்னார் என்று தமிழறிஞர் பலர் மறுத்தனர். நாமும் கைதட்டினோம். மறுபுறம், 1946-இல் மராத்தியில் வெளிவந்த நூலொன்றில் கணேஷ் தாமோதர் சாவர்க்கர், ஏசுவே தமிழ் பேசிய இந்து என்றார். அதற்கும் நகைத்தோம்.

எந்த வாதத்தால் நகைத்தோம்? 'ஒப்புமை மட்டும் போதாது; சான்று வேண்டும்' என்ற வாதத்தால். வள்ளுவர் விஷயத்தில் போதாத ஒப்புமை, வெஸ்பாசியன் விஷயத்தில் மட்டும் போதுமோ? குறளைப் பறிக்க வந்தபோது ஒரு தராசு, விவிலியத்தைத் தாக்க வரும்போது வேறொரு தராசா? அது வணிகன் செய்யும் மோசடி. பகுத்தறிவாளன் செய்யத் தகாதது.

ஒப்புமையை எறிந்துவிடச் சொல்லவில்லை. அதனை எப்படிக் கையாள்வதென்று நமக்குக் கற்பித்தவர்கள் உண்டு. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் உலவும் ஊர் நம்முடையது. இரண்டும் உறவுமொழிகள் என்று கண்டவர்கள், இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்பதோடு நின்றார்களா? தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்ததன்று, தமிழ் கன்னடத்தோடு ஒரே குடும்பம் என்று 1816-இல் எல்லிஸ் வேர்ச்சொற்களைக் கொண்டு காட்டினார். 1856-இல் கால்டுவெல், மூவிடப்பெயர்களையும் வேற்றுமை உருபுகளையும் வினை வடிவங்களையும் ஒழுங்காக ஒப்பிட்டு நிறுவினார். ஒலி எங்கே மாறுகிறது, எந்த முறையில் மாறுகிறது என்று கேட்டார். எட்டு என்பதும் ஆங்கிலத்து எய்ட் என்பதும் ஒலியால் நெருங்குகின்றன என்பதற்காக ஆங்கிலத்தைத் தமிழின் மகளாக்கும் அன்பர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்களுக்கும் கரோட்டாவுக்கும் வேறுபாடு யாது? நமது இயக்கத்தின் அடித்தளமே முறையான ஒப்பீட்டில் எழுந்தது. அதனைக் கட்டியவர் ஒரு கிறித்தவப் பாதிரியார் என்பதையும் மறவாதீர்கள்.

ரோமாபுரிக்கும் தமிழகத்துக்கும் இருந்த உறவையே எடுத்துக்கொள்வோம். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டன என்று சங்கப் பாடல் சொல்லிற்று. பாட்டில் இருப்பதால் மட்டும் உலகம் ஏற்கவில்லை. கோவை, கரூர்ப் பகுதிகளில் ரோம நாணயங்கள் கிடைத்தன. 1945-இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது இத்தாலிய மண்பாண்டம் வெளிப்பட்டது. முசிறி வணிகக் கடனைப் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடு வியன்னாவில் இருக்கிறது. 1985-இல் அது பதிப்பிக்கப்பட்டது. பாட்டு, நாணயம், பானை, ஏடு ஆகிய நான்கும் நான்கு திசையிலிருந்து வந்து ஒரே உண்மையைச் சொல்கின்றன. இதுவல்லவோ சான்று!

மறுநாள் அதே தேநீர்க் கடையில் தோழரைக் கண்டோம். "அண்ணே, இரண்டு வேட்டியில் ஒரே கரை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை நெய்தார்கள் என்று சொல்லிவிடுவீர்களா?" என்றோம்.

"அதெப்படி? நூலின் எண் பார்க்க வேண்டும், பாவு பார்க்க வேண்டும், ஊடை பார்க்க வேண்டும். எது முந்தி அறுத்தது என்று பார்க்க வேண்டும். இருவரும் வேறொருவர் கரையைப் பார்த்தும் நெய்திருக்கலாமே!" என்றார். சொல்லி முடித்ததும் அவரே சிரித்துவிட்டார். "மாட்டிவிட்டீர்களே வாத்தியாரே! அப்படியானால் ஏசு நீரைத் திராட்சை ரசமாக்கியது உண்மை என்கிறீரா?"

இல்லை. அற்புதத்தை நாம் ஏற்கவில்லை. ஒரு கதை நடந்ததா என்பது ஒரு வினா; அதை யார் புனைந்தார் என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு இல்லை என்று விடை கூறுபவன், இரண்டாவதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்ல உரிமை பெற்றவனாகிவிடான்.

இன்னொன்றும் அவரிடம் சொன்னோம். பிளினியின் கடிதத்தில் வரும் அந்த இரண்டு அடிமைப் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பெயரைக்கூட ஆளுநர் எழுதி வைக்கவில்லை. எதை நம்பி அந்த வதையைத் தாங்கினார்களோ, அந்த நம்பிக்கை நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் அது அவர்களுடையது. அடிமையும் கைவினைஞனும் ஏழைப் பெண்ணும் கூடிக் கூடிப் பேசி வளர்த்த கதையை, அரண்மனையில் அமர்ந்து அரசன் எழுதித் தந்தான் என்னும்போது, அந்தப் பெண்களிடமிருந்து கடைசியாக இருந்த ஒன்றையும் பறித்து அரசனிடம் கொடுத்துவிடுகிறோம். உழைப்பவன் தறியில் மட்டுமல்ல, கதையிலும் உழைத்தான் என்று சொல்ல வேண்டிய நாமா அதைச் செய்வது?

தோழர் சற்று நேரம் பேசவில்லை. தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். "அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள் வாத்தியாரே. தறிக்கூடத்தில் படித்துக் காட்டுகிறேன்" என்றார். எழுதிக் கொண்டிருக்கிறோம்.