நெடும் புதினமும் வெள்ளித்திரையும்

பால்மரக் காட்டின் இருளில் காட்டேறி உலவுகிறது என்னும் கதை, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதிதன்று. அந்தி சாய்ந்தபின் லயத்து வாசலில் பாட்டிமார் சொல்லிய கதை அது. அதனைச் சற்றே ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். பாட்டி காட்டேறியின் பல்லையும் நகத்தையும் விரித்துரைப்பதில்லை. அது வந்து போனபின் எந்த நிரையில் பால் வெட்ட ஆள் போகவில்லை, எந்த வீடு பூட்டிக் கிடந்தது, அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தத் தோட்டத்திற்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பவற்றையே நீளச் சொல்லுவாள். கேட்கும் பிள்ளையை நடுங்கச் செய்வது காட்டேறியன்று. அது விட்டுச் சென்ற வெறுமையே.

குருதி குடிக்கும் உயிர்களைப் பற்றிய நெடும் புதினம் ஒன்றைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் எதை வைத்தார்கள், எதை விட்டார்கள் என்பதை மதிப்பிடுவதற்குப் பாட்டியின் இந்த முறையே தக்க உரைகல்லாகும்.

புதினத்தின் அமைப்பு

அமெரிக்க எழுத்தாளர் ஜஸ்டின் குரோனின் எழுதிய 'தி பாசேஜ்' 2010-இல் வெளிவந்தது. 2012-இலும் 2016-இலும் வந்த இரு நூல்கள் அதன் தொடர்ச்சியாகும். முதல் நூல் மட்டுமே எழுநூறு பக்கங்களைத் தாண்டும். பொலிவியக் காட்டில் கண்ட ஒரு நச்சு நுண்மத்தை அமெரிக்கப் படையினர் கொலராடோ மலையில் மறைவாக ஆய்கின்றனர். மரண தண்டனை பெற்ற பன்னிரு கைதிகளின் உடலில் அதனைச் செலுத்துகின்றனர். பின்னர் எமி என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கும் செலுத்துகின்றனர். கைதிகள் குருதி குடிக்கும் கொடிய உயிர்களாகித் தப்பிவிட, நாடு அழிகிறது. எமியைப் பிடித்துவர அனுப்பப்பட்ட வோல்காஸ்ட் என்னும் அதிகாரி மனம் மாறி, தந்தைபோல் அவளைக் காத்து, மலைக்காட்டில் மடிகிறான்.

இதுவரையில் கதை விரைந்து செல்கிறது. அடுத்து ஆசிரியர் செய்வது துணிவான செயல். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை ஒரே தாவலில் கடந்து, முன்பின் அறியாத மனிதரிடையே வாசகரைக் கொண்டுபோய் விடுகிறார். கலிபோர்னிய மலைமேல் ஒரு சிறு குடியிருப்பு. சுற்றிலும் மதில், இரவெல்லாம் எரியும் விளக்குகள். அவ்வொளியில் வாழ்பவர் விண்மீன்களைக் கண்டதில்லை. விளக்குகளைத் தாங்கும் மின்கலங்களோ ஓய்ந்துகொண்டிருக்கின்றன. அதனை அறிந்தவர் சிலரே. பிள்ளைகளை எட்டு வயதுவரை ஒரு கட்டடத்தினுள் வைத்து வளர்க்கின்றனர். வெளியுலகம் எத்தகையது என்பதை அவ்வயதில்தான் ஆசிரியை ஒருத்தி சொல்லுகிறாள். தோட்டத்து ஆயாக் கொட்டகையை அறிந்தவர்க்கு இப்பகுதி எளிதில் விளங்கும். உண்மை அறியாமல் சிரித்து விளையாடும் பிள்ளைகளின் காட்சி, எந்தப் பேயின் வருகையைவிடவும் நெஞ்சை உலுக்குகிறது.

அக்குடியிருப்பில் ஒரு கிழவி இருக்கிறாள். அழிவு நேர்ந்த நாளில் பிலடெல்பியாவிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவந்த இரயிலில் சிறுமியாக வந்தவள். பழைய உலகத்தைக் கண்ணால் கண்டவர் வேறெவரும் அங்கு இல்லை. தான் கண்டதை அவள் எழுதி வைக்கிறாள். அவ்வெழுத்தும், வேறு சில நாட்குறிப்புகளும், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நடக்கும் ஓர் ஆய்வு மாநாட்டில் சான்றாக எடுத்து வைக்கப்படுவதாக ஆசிரியர் இடையிடையே காட்டுகிறார். இதனால் வாசகரின் கேள்வியே மாறிவிடுகிறது. மனித இனம் பிழைக்குமா என்று கேட்டவர், எந்த நினைவு பிழைக்கும் என்று கேட்கத் தொடங்குகிறார். நாவலின் உயிர்நிலை இதுவே எனலாம்.

திரையில் நேர்ந்தது

நூல் வெளிவருவதற்கு மூன்றாண்டு முன்னரே, 2007-இல், இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் நிறுவனமும் ஃபாக்ஸ் நிறுவனமும் திரை உரிமையைப் பெற்றன. ஆயினும் திரைப்படம் உருவாகவில்லை. பின்னர் லிஸ் ஹெல்டென்ஸ் அதனைத் தொலைக்காட்சித் தொடராக அமைத்தார். 2019 ஜனவரி 14 முதல் மார்ச் 11 வரை பத்துப் பகுதிகள் ஒளிபரப்பாயின. அத்துடன் தொடர் கைவிடப்பட்டது.

பத்துப் பகுதிகளும் ஏறக்குறைய முழுமையும் அழிவுக்கு முற்பட்ட கதையையே சொல்லின. நூற்றாண்டுத் தாவல் இறுதியிலேதான் வந்தது. வந்ததும் கதை நின்றுபோயிற்று. மதிலும், விளக்கும், எழுதும் கிழவியும் நாவலில் பெற்ற இடத்தைத் திரையில் பெறவே இல்லை.

தொடரில் நிறை இல்லாமலில்லை. வோல்காஸ்டாக நடித்த மார்க் பால் கோஸ்லாரும், எமியாக நடித்த சனியா சிட்னியும் தந்தை மகள் உறவை உண்மையாக்கினர். நாவலில் அதிகம் பேசாத சிறுமி திரையில் துடுக்கும் அறிவும் உடையவளாக வளர்ந்தது நன்மையே. கதையின் நடுவே நாயகனைக் கொன்று புதியவர்களைக் கொண்டுவந்தால் பார்வையாளர் விலகிவிடுவர் என்று தயாரிப்பாளர் அஞ்சியதிலும் நியாயம் உண்டு. வாரந்தோறும் பார்ப்போரை நம்பி நிற்கும் கலைக்கு இந்த அச்சம் இயல்பு.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. இடைவெளியைத் தள்ளிப்போட்டதால், நேர்ந்த காலத்தை நிரப்பக் காட்டேறிகளை முன்னே நிறுத்த வேண்டியதாயிற்று. நாவலில் அவை பெரும்பாலும் கனவிலே நுழையும் நிழல்கள்; திரையில் மனித முகத்தோடு பேசிச் சூழ்ச்சி செய்யும் பாத்திரங்கள். பேசத் தொடங்கிய பேய் பாதி அச்சத்தை இழந்துவிடுகிறது. இடைவெளியை இணைக்கும் பாலத்தையோ நாவலாசிரியரே கட்டித் தந்திருந்தார். கிழவி எழுதும் காட்சியோடு தொடரைத் தொடங்கி, எமியின் கதையை அவள் காலத்து வாழ்வோடு மாறி மாறிப் பின்னியிருக்கலாம். அவ்வாறு செய்திருப்பின், தொடர் பாதியில் நின்றிருந்தாலும் நாவலின் பொருள் பார்ப்பவரைச் சேர்ந்திருக்கும்.

இது தனித்த குறையன்று. ரிச்சர்ட் மாதெசன் 1954-இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' 1964, 1971, 2007 ஆகிய ஆண்டுகளில் மும்முறை படமாயிற்று. புதிய இனத்தாரின் கண்ணுக்குத் தானே கொடிய உயிர் என்பதைக் கடைசி மனிதன் உணர்வதே அந்நூலின் முடிவு. 2007-இல் திரையரங்குகளுக்கு வந்த படம் அம்முடிவை மாற்றி, அவனை உயிரீகம் செய்யும் வீரனாக்கியது.

வாய்மொழியும் படமும்

மலாயா மண்ணில் இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேத்தே கெரிஸ் நிறுவனத்திற்காக பி. என். ராவ் 1957-இல் இயக்கிய 'பொந்தியானாக்', மகப்பேற்றில் இறந்த பெண் குருதி குடிக்கும் ஆவியாகிறாள் என்னும் மலாய் நம்பிக்கையில் பிறந்த படம். மரியா மெனாடோ நடித்த அப்படம் பெருவெற்றி பெற்றுத் தொடர்ச்சிப் படங்களையும் ஈன்றது. ராவ் முன்னர் 'மதனகாமராஜன்' முதலிய தமிழ்ப் படங்களை இயக்கியவர். அவர் எடுத்துக்கொண்டது சில சொற்களில் முடியும் வாய்மொழிக் கதை. அதற்கு உடல் கொடுப்பதே அவர் வேலை. குரோனினைப் படமாக்கியவர்களின் வேலை வேறு. அவர்கள் முன் எழுநூறு பக்கம் இருந்தது. எதை வெட்டுவது என்பதே அங்குக் கலை. ராவின் படச் சுருள்களோ அழிந்துவிட்டன. கண்டவர் சொல்லக் கேட்பவர் அறிவதாய், வாய்மொழியில் பிறந்த படம் வாய்மொழிக்கே திரும்பிற்று.

திரையின் ஆற்றலைக் குரோனின் அறியாதவரல்லர். மதிலுக்குள் வளர்ந்த பீட்டர் என்னும் இளைஞன் படைவீரர் முகாமில் முதன்முதலாக ஒரு திரைப்படம் பார்க்கிறான். அது பழைய 'டிராகுலா'. பலமுறை பார்த்த வீரர்கள் வசனங்களை முந்திக்கொண்டு கூவுகின்றனர். தோட்டத் திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளை அறிந்தவர்க்கு இக்காட்சி புன்னகை வருவிக்கும். உலகம் அழிந்தபின்னும் மனிதர் கூடியிருந்து ஒரு கதையைக் கேட்கின்றனர் என்பதன்றோ ஆசிரியர் கருத்து!

தோட்டத் தமிழருக்கு அழிவுக் கதை அயல்நாட்டுச் சரக்கன்று. 1942-43-இல் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம் பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதவர் பலர். அத்துயரை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலாக்கினார். அத்தகைய நூலைப் படமாக்கப் புகுவோர், காடும் சவுக்கும் பிணமும் காட்டினால் போதும் என்று எண்ணுதல் கூடும். ஆள் திரும்பாத வீட்டில் அடுத்த இருபது ஆண்டுகள் எவ்வாறு கழிந்தன என்பதே கதையின் மறுபாதி. சிரம்பான், நீலாய்ப் பகுதிகளில் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. லயம் இடிந்தபின் அந்த மறுபாதிக்குச் சான்று பாட்டியின் சொல்லே. திரைக்கதை எழுதுவோர் முதலில் வெட்டுவதும் அவள் பேச்சையே. அதனை வெட்டாமல் அதிலிருந்தே படத்தைத் தொடங்குபவர், குரோனின் நாவலுக்குத் திரையில் கிட்டாத நீதியைத் தம் கதைக்குச் செய்தவராவர்.