குகையும் கண்மாய்க் கரையும்: ‘சச்சிதானந்தம்’ நூலைத் திருச்சுழியில் வாசித்தல்

சமய உரையாடலைக் கற்க விழையும் இறையியல் மாணவர் தவிர்க்க இயலாத நூல்களுள் ஒன்று, அபிஷிக்தானந்தர் எழுதிய ‘சச்சிதானந்தம்’. பிரெஞ்சு நாட்டினரும் பெனடிக்டின் துறவியுமான அவர் 1965-இல் தம் தாய்மொழியில் வெளியிட்ட இந்நூல், 1974-இல் ஆங்கிலத்தில் வந்தது. அத்வைத அனுபவத்தையும் மூவொரு கடவுளைப் பற்றிய கிறிஸ்தவ விசுவாசத்தையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றன் ஒளியில் மற்றொன்றை ஆராய்வது இதன் நோக்கம். அத்வைத அனுபவத்திற்கு நூலாசிரியர் காட்டும் தலையாய சாட்சி ரமண மகரிஷி. ரமணரோ அருணாசலத்தில் பிறந்தவரல்லர். நம் வறண்ட நாட்டுத் திருச்சுழியில் பிறந்தவர். எனவே இந்நூலைத் திருச்சுழியில் நின்று வாசித்துப் பார்ப்பது பொருத்தமெனக் கருதுகிறோம்.

வேங்கடராமன் என்னும் இயற்பெயருடைய ரமணர் பிறந்தது 1879 டிசம்பர் 30 அன்று. தாது வருடப் பஞ்சம் ஓய்ந்து அப்போது நெடுநாள் ஆகவில்லை. 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், இவ்வட்டாரத்து மண்டபசாலையை ஏற்கெனவே தன் நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. பின்னர் மதுரையில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்ற அச்சிறுவர், அங்கே திருமறைப் பாடமும் கேட்டார். 1896 ஜூலையில் மரண அனுபவம் ஒன்று அவரை ஆட்கொண்டது. ஆகஸ்ட் 29 அன்று பள்ளியையும் வீட்டையும் துறந்து அருணாசலம் நோக்கிப் புறப்பட்டார். பிற்காலத்தில் தம் உபதேசத்தை விளக்குகையில் யாத்திராகமம் 3:14-ஐயும் சங்கீதம் 46:10-ஐயும் அவர் எடுத்துக்காட்டியது நாம் அறிந்ததே. அக்காலத்து மிஷன் கல்வி பெரும்பாலும் கற்பிக்கவே அறிந்திருந்தது. மாணவனிடமிருந்து கேட்டறியும் பழக்கம் அதற்கு அரிதாயிருந்தது.

அபிஷிக்தானந்தர் இம்முறையைத் தலைகீழாக்கினார். 1949-இல் அருட்தந்தை மோன்ஷனேனுடன் ரமணரைக் காணச் சென்றபோது, அவர் கேட்பவராகவே சென்றார். 1950-இல் இருவரும் குளித்தலையருகே சாந்திவனத்தை நிறுவினர். பின்னர் அவர் அருணாசலக் குகைகளிலும் தங்கித் தியானித்தார். பேச்சு மிகுந்து மௌனம் அருகிப்போன நம் பிரசங்க பீடங்களுக்கு இந்நூல் ஒரு நல்ல கண்டனம். பிற சமயத்தானின் அனுபவத்தை வெளியே நின்று அளவிடாமல், அதற்குள் புகுந்து அதன் பாரத்தைச் சுமக்கத் துணிந்தமை இதன் பெருஞ்சிறப்பு.

ஆயினும் இருவகையில் இந்நூல் நம்மை நிறைவுசெய்யவில்லை. முதலாவது, அத்வைத அனுபவமே இந்து சமயத்தின் சிகரமென்றும், கிறிஸ்துவில் அச்சிகரம் நிறைவுறுகிறதென்றும் நூல் வாதிக்கிறது. இந்நிறைவுக் கோட்பாடு போதாதென்பதைப் பிற்காலத்தில் ஆசிரியரே உணர்ந்தார் என்பதை நேர்மையோடு கூறவேண்டும். ஆனால் நம் கேள்வி வேறு. அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் நேர்ச்சை செலுத்தும் மானாவாரி விவசாயியும், மாரியம்மனுக்குப் பொங்கலிடும் அருப்புக்கோட்டை நெசவாளியும் இவ்வுரையாடலில் எங்கே? சிகரத்தையே நோக்கும் கண்ணுக்கு ஊரும் கண்மாயும் தென்படவில்லை.

இரண்டாவது, இந்நூல் காட்டும் கிறிஸ்தவர் ஒரு தியான யோகி. நம் சபைகளோ தீண்டாமையிலிருந்தும் பசியிலிருந்தும் மனித மாண்பைத் தேடிவந்த மக்களால் ஆனவை. தாது வருடப் பஞ்சத்தை அடுத்துத் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்ததை வரலாறு கூறும். அவர்களுடைய விசுவாசத்தைச் ‘சோற்றுக்கான மாற்றம்’ என இகழ்வோர் உண்டு. வெறும் வயிற்றோடும் தாழ்த்தப்பட்ட உடலோடும் கடவுளைத் தேடுவது, குகையில் தேடுவதைவிடத் தாழ்ந்த தேடலா?

இன்னுமொன்று. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமையை இந்துக்களுக்கே வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். இதனால் சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் அரசுச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழும் குடும்பங்களை ஆயர்கள் அறிவர். அவ்வீட்டில் இரு சமயங்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அங்கே உரையாடல் என்பது கருத்தரங்கப் பொருளன்று. பிள்ளையின் படிப்பையும் மனச்சாட்சியையும் பற்றிய வேதனை. அத்தகைய வீட்டாரைப் போலிக் கிறிஸ்தவரென ஒதுக்கும் சபையும், அவர்களைக் கணக்கிலேயே கொள்ளாத உரையாடல் இறையியலும் ஒரே தவற்றைச் செய்கின்றன.

இதனால் உரையாடலைக் கைவிட்டுப் பழைய முறை நற்செய்திப்பணிக்குத் திரும்புக என நாம் கூறவில்லை. உரையாடல் தொடங்கும் இடம் மாறவேண்டும் என்கிறோம். யோவான் 4-ஆம் அதிகாரத்தில், எங்கே தொழுவது என்னும் சமய வினா பிற்பாடே எழுகிறது. முதலில் நம் ஆண்டவர், தம்மவர் தீண்டத் தயங்கிய ஒருத்தியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். கொடுக்க வந்தவர் வாங்குபவராகிறார். இன்னார் கிணற்றில் இன்னார் நீரெடுக்கலாகாது என்றிருந்த இவ்வறண்ட நாட்டில், அச்செயலின் பொருளை விளக்கத் தேவையில்லை. திருச்சுழிப் பக்கம் ஊழியத்திற்குச் செல்லும் மாணவர் ‘சச்சிதானந்தம்’ நூலை உடன் கொண்டு செல்லட்டும். ஆனால் அதைத் திறக்குமுன் காலனித் தெருவில் ஒரு வீட்டில் அமர்ந்து, அவர்கள் தரும் தண்ணீரை வாங்கிக் குடிக்கட்டும்.