தீட்டாத வெண்மை

சுவரொட்டியைக் கலையென ஏற்க மறுப்போர் உளர். வாணிகத்தின் பொருட்டு எழுந்து மழையில் நனைந்து கிழிவது ஆராயத்தக்கதன்று என்பது அவர்தம் வாதம். துலூஸ்-லோத்ரெக் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1891ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மூலன் ரூஜ் நடன மண்டபத்துக்கு வரைந்த சுவரொட்டியைக் கண்டவர் அவ்வாதத்தில் நிலைத்தல் அரிது. அவர் வரைந்த முதற் சுவரொட்டியும் அதுவே.

அம்மண்டபம் 1889இல் திறக்கப்பட்டபோது விளம்பரம் வரைந்தவர் ஜூல் ஷெரே. செந்நிறக் காற்றாலையின் முன்னே கழுதைகளில் ஏறிவரும் மகளிர் அதிற் காணப்படுவர். களிப்பு மிக்க படந்தான். ஆயினும் யாவும் ஒருங்கே அழைப்பதால் கண் எதிலும் தங்குவதில்லை.

லோத்ரெக்கின் படத்திலே கண் உடனே ஓரிடத்தைச் சென்றடைகின்றது. கல்லச்சு முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியே கல்லில் வரைதல் வேண்டும். வண்ணம் மிக மிக உழைப்பும் செலவும் மிகும். சிவப்பு, மஞ்சள், நீலம், கருமை என்னும் நான்கோடு ஓவியர் அமைந்தார். இதனை வெறுஞ் சிக்கனம் எனலாமோ? படத்தின் நடுவே ஒரு காலை உயர்த்தி ஆடுகின்றாள் லா கூலு. விரிந்த அவளது உட்பாவாடை வெண்மையாய் ஒளிர்கின்றது. அவ்வெண்மை மையன்று, வெறுந் தாளே. சில கோடுகள் மாத்திரம் மடிப்புகளை உணர்த்துகின்றன. பின்னாலே பார்வையாளர் கூட்டம் முகமின்றித் தொப்பிகளின் விளிம்பு மட்டும் புலப்பட ஒரே கருநிழலாய் நிற்கின்றது. அக்கருமை சூழ்ந்தமையாலேயே தாள் ஒளியாயிற்று. வண்ணத்தை எங்கே இடுவது என்பதினும் எங்கே இடாது விடுவது என்பதே ஈண்டு ஓவியரின் தேர்வு.

நிழல் தீட்டாத தட்டையான பரப்புக்களும் உருவத்தைச் சட்டத்தின் ஓரத்தில் வெட்டிவிடும் துணிவும் யப்பானிய மரவெட்டுப் படங்களிலிருந்து அவர் கற்றவை. முன்னணியில் சாம்பல் நிறத்தினராய் நிற்கும் நெடிய மனிதர், ‘எலும்பற்றவர்’ எனப் பட்டம் பெற்ற வலந்தென் என்னும் ஆடலர். அவருக்கும் அப்பாலே நடனமாது. அவளுக்கும் அப்பாலே கூட்டம். ஆகவே தெருவில் நின்று நோக்குபவன் தன்னை அறியாமலே அவ்வட்டத்தின் இப்பக்கத்தை நிரப்பிவிடுகின்றான். அழைப்பு என்பதன் பொருளை இத்துணைச் சுருக்கமாய் உணர்த்திய விளம்பரம் அரிது.

குறையும் உண்டு. இடப்புறத்து மஞ்சள் உருண்டைகள் விளக்குகள் என்பது முதற் பார்வையிற் புலனாவதில்லை. விரைந்து செல்வோருக்கென வரைந்த படத்திலே இது சிறு குற்றமன்று. மேலே மண்டபத்தின் பெயர் மும்முறை எழுதப்பட்டிருக்க, மூன்றுக்கும் முதலெழுத்து ஒன்றாயிருப்பதோ நயமான உத்தி.

மற்றொன்றும் கருதற்பாலது. ஏறத்தாழ 3000 படிகளாய் அச்சேறிய இப்படம் ஓவியர்க்கும் நடனமாதுக்கும் ஒருசேரப் புகழ் தந்தது. ஆயின் அவள் கூந்தற் கொண்டையும் செந்நிறக் காலுறையும் பாவாடையும் அடையாளங்களாய் நிலைத்தன. முகமோ சில கோடுகளில் முடிந்துவிட்டது. லூயிஸ் வேபர் என்னும் இயற்பெயர் கொண்ட அவள் 1895இல் மண்டபத்தை விட்டு நீங்கி, 1929இல் வறுமையில் மறைந்தாள்.