ஒரு கம்மல், ஒரு குப்பி

தென்கேரளத்தில் ஆரியங்கோடு, பாறசாலை பக்கத்துத் தமிழ் வீடுகளில் 'ஜிமிக்கி கம்மல்' என்ற மலையாளப் பாட்டுக்கு உரை தேவைப்படாது. அம்மை, அப்பன், கம்மல், குப்பி எல்லாமே எங்கள் அடுக்களையிலும் புழங்குகிற சொற்கள்தான். 2017 ஓணத்துக்கு வந்த, லால் ஜோஸ் இயக்கி மோகன்லால் நடித்த 'வெளிபாடின்டெ புஸ்தகம்' படத்துப் பாட்டு அது. ஆனால் அதன் முதல் இரண்டு வரிகள் படத்துக்காகப் பிறந்தவை அல்ல. பிள்ளைகள் வாயில் முன்பே சுற்றிக்கொண்டிருந்த கேலித் துணுக்கு. மிமிக்ரி மேடையில் ஒரு சிரிப்புக்காகப் பாடிவிட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போய்விடுவார்களே, அந்த அளவுச் சரக்கு.

அந்தத் துணுக்கின் முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். அம்மையின் கம்மலை அப்பன் திருடிக்கொண்டு போகிறான். அப்பனின் பிராந்திக் குப்பியை அம்மை குடித்துத் தீர்க்கிறாள். கதை முடிந்தது. கம்மல் எதற்காகப் போயிற்று என்று முதல் வரியில் ஒரு சொல் கிடையாது; இரண்டாம் வரியில் குப்பி வந்ததும் நமக்கே விளங்கிவிடுகிறது. அம்மை குப்பியை உடைத்திருந்தால் அது கோபம். ஒளித்து வைத்திருந்தால் புத்திமதி. குடித்தே தீர்த்தாள் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு வெடிக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, இதைச் சொல்கிற வாய். என் அம்மை, என் அப்பன் என்று அந்த வீட்டுப் பிள்ளையே சொல்கிறது. புகார் இல்லை, யார் பக்கமும் சாய்வு இல்லை. கண்டதை அப்படியே பாடுகிறது.

ஓசையையும் கவனிக்க வேண்டும். அம்மை, ஜிமிக்கி, கம்மல், அப்பன், குப்பி என்று இரட்டித்த ஒற்றுகளாகவே வரிசைகட்டி வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு அடி. வாத்தியம் வருவதற்கு முன்பே தாளம் சொல்லுக்குள் இருக்கிறது. இசையமைத்த ஷான் ரஹ்மான் அந்தச் சொரசொரப்பை இழைத்து மழுப்பவில்லை. வினீத் ஸ்ரீனிவாசனும் ரஞ்சித் உண்ணியும் குதூகலமாகப் பாடினார்கள்.

மீதிப் பாட்டை எழுதியவர் அனில் பனச்சூரான். 2007இல் 'அறபிக்கத' படத்துக்குப் புரட்சிப் பாட்டு எழுதி கேரளமெங்கும் பேர் வாங்கிய கவிஞர். சின்னக் கேலியை முழுப்பாட்டாக நீட்டினால் பெரும்பாலும் நீர்த்துப்போகும். இங்கே நீர்க்கவில்லை. எங்கே சுற்றினாலும் பாட்டு அந்தக் கம்மலுக்கும் குப்பிக்குமே திரும்பி வந்துவிடுகிறது.

பிறகு கொச்சியில் ஒரு கல்லூரியின் ஆசிரியைகளும் மாணவர்களும் ஓணத்துக்கு ஆடிய வீடியோ ஊரெல்லாம் பரவியது. அமெரிக்காவில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தும் ஜிம்மி கிம்மல்வரை அது போய், அவரும் பிடித்திருப்பதாகச் சொன்னார். 2018இல் 'காற்றின் மொழி' என்ற தமிழ்ப் படத்தில் ஜோதிகா இதே பாட்டுக்கு ஆடினார்.

எல்லோரும் ஆட்டத்தைத்தான் பேசினார்கள். அடுத்த முறை கேட்கும்போது ஆட்டத்தை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளை பாடுவதாக நினைத்து முதல் இரண்டு வரிகளை மட்டும் கேட்டுப் பாருங்கள்.