கப்பலேறிய துப்பறியும் கதை

பயணிக் கப்பலில் நடக்கும் சரித்திரத் துப்பறியும் நாவலை எடைபோட எனக்கு ஒரு கேள்வி போதும். அதே கொலையை ஊர்ப்புறத்து மாளிகை ஒன்றில் வைத்தாலும் கதை நிற்குமா? நிற்குமானால் அங்கே கப்பல் வீண். வகுப்புவாரியாகப் பிரித்துவைத்த தளங்கள், கரை சேரும்வரை கேப்டன் சொல்வதே சட்டம் என்ற நிலை, யாரும் இறங்கிப்போக முடியாத நாட்கள் ஆகியவற்றிலிருந்தே புதிர் முளைக்க வேண்டும்.

இம்மரபுக்கு ஊற்று 1910இல் நடந்த ஓர் உண்மை வழக்கு. மனைவியைக் கொன்றதாகத் தேடப்பட்ட டாக்டர் கிரிப்பன், பையன் வேடமிட்ட காதலி எத்தல் லெ நீவுடன் ஆன்ட்வெர்ப்பில் மான்ட்ரோஸ் கப்பலேறிக் கனடாவுக்குப் புறப்பட்டார். தகப்பனும் மகனுமாக நடித்த இருவர்மீதும் கேப்டன் கெண்டலுக்குச் சந்தேகம் விழுந்தது. கம்பியில்லாத் தந்தி அனுப்பினார். ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் வால்டர் டியூ, மான்ட்ரோஸைவிட வேகமான லாரன்டிக் கப்பலில் கிளம்பி முந்திச் சென்று, ஜூலை 31 அன்று துறைமுக வழிகாட்டியின் உடையில் மான்ட்ரோஸில் ஏறிக் கைது செய்தார். அந்தத் துரத்தலைப் பத்திரிகைகள் வாயிலாக ஊரே அறிந்திருந்தது, ஓடியவர்களுக்குத்தான் தெரியாது.

பீட்டர் லவ்சியின் ‘தி ஃபால்ஸ் இன்ஸ்பெக்டர் டியூ’ (1982) இந்த வழக்கைத் தலைகீழாக்குகிறது. கதை நடப்பது 1921இல், மாரிடானியா கப்பலில். மனைவியைக் கொல்லத் திட்டமிட்டு ஏறும் ஒரு பல் வைத்தியர், பொய்ப்பெயராக டியூவின் பெயரையே சூட்டிக்கொள்கிறார். கப்பலில் கொலை விழுகிறது. புகழ்பெற்ற இன்ஸ்பெக்டர் தம் கப்பலில் இருப்பதாக நம்பும் கேப்டன், விசாரணையை அவரிடமே ஒப்படைக்கிறார். நடுக்கடலில் வேறு போலீஸ் கிடையாது. அவரும் மறுக்க முடியாது. சரித்திரமும் கப்பலும் புதிரும் ஒரே முடிச்சாக இறுகிய இந்த நாவலுக்குத் தங்கக் குத்துவாள் விருது கிடைத்தது முற்றிலும் தகும்.

உண்மைக் கப்பலில் கற்பனைக் குற்றம் என்ற இந்தப் பள்ளியில் உழைத்தவர் கான்ராட் ஆலன். லூசிடானியாவின் 1907ஆம் ஆண்டு முதல் பயணத்தில் தொடங்கி, கப்பலுக்கு ஒரு நாவலாக எழுதிப்போனார். அவருடைய ஜார்ஜ் டில்மன், கப்பல் நிறுவனமே பயணிபோல் அமர்த்திய துப்பறிவாளர். தகவல் நிறைய, புதிர் சற்று லேசு. லூயீஸ் ஹேரின் ‘மிஸ் ஆல்ட்ரிட்ஜ் ரிக்ரெட்ஸ்’ (2022) இன்னும் ஆழமானது. 1936இல் குவீன் மேரியில் செல்லும் பாடகி லீனாவின் தந்தை கறுப்பினத்தவர். அவளோ பார்வைக்கு வெள்ளைக்காரி. முதல் வகுப்புச் சாப்பாட்டு மேசையில் அவள் அமரும் ஒவ்வொரு வேளையும் ஒரு விசாரணைதான்.

மேக்ஸ் ஆலன் காலின்ஸின் வழி வேறு. உண்மை மனிதர்களையே துப்பறிவாளர்களாக்குகிறார். ‘தி டைட்டானிக் மர்டர்ஸ்’ (1999) நாவலில் அந்தப் பொறுப்பு ஜாக் ஃபியூட்ரெல்லுக்கு. அவர் துப்பறியும் கதாசிரியர். 1912இல் அக்கப்பலோடு உண்மையிலேயே மாண்டவர். இங்கே ஓர் அறச்சிக்கல் எழுகிறது. ஏறத்தாழ 1,500 பேர் சாகப்போவது வாசகனுக்குத் தெரியும்போது, ஒரு கொலையாளியைப் பிடிப்பதில் என்ன பொருள்? பனிப்பாறை வந்து எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடும் என்றால் அது எழுத்தாளனுக்குக் கிடைத்த சலுகை. அந்தச் சலுகையை நான் ஏற்பதில்லை. பேரழிவுக்கு முன்னால் நீதி தன் காலில் நின்றாக வேண்டும்.

1634இல் பட்டேவியாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் செல்லும் டச்சுக் கப்பலுக்கு நம்மை அழைத்துப்போகிறார் ஸ்டூவர்ட் டர்டன். ‘தி டெவில் அண்ட் தி டார்க் வாட்டர்’ (2020) நாவலில் துப்பறிவாளரே விலங்கிடப்பட்ட கைதி. மெய்க்காவலர்தான் தடயம் தேடி அலைகிறார். காலப் பிழைகளைத் தேடிப்பிடிப்பவர்களுக்கு இந்நூல் ஒத்துவராது. ஆனால் மூச்சுமுட்டும் அதன் கீழ்த்தளம் என் சோதனையில் தேறிவிடுகிறது.

தம் காலத்தைப் பற்றியே எழுதி, இன்று நமக்குச் சரித்திரமாகிவிட்டவர்களையும் இந்த வரிசையில் சேர்க்கத்தான் வேண்டும். ஜான் டிக்சன் கார் 1940இல் எழுதிய ‘நைன் அண்ட் டெத் மேக்ஸ் டென்’ நாவலில் நீர்மூழ்கிக்கு அஞ்சி விளக்கணைத்துச் செல்கிறது ஒரு கப்பல். பிணத்தருகே ரத்தத்தில் பதிந்த கைரேகை, கப்பலிலுள்ள எவருடையதும் இல்லை. அட்லாண்டிக் நடுவில் இதற்கு மேல் என்ன புதிர் வேண்டும்?

ஒரு குறை சொல்லியாக வேண்டும். இந்நூல்களில் பெரும்பாலானவை முதல் வகுப்பிலேயே தங்கிவிடுகின்றன. மூன்றாம் வகுப்பில் குடும்பத்தோடு குடிபெயர்ந்தவர்களின் கண்ணால் கொலையைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

புதிதாக வாசிக்க வருபவர்கள் லவ்சியில் தொடங்குங்கள், அடுத்துக் காரை எடுங்கள். பின்னட்டைக் குறிப்பைமட்டும் முன்கூட்டிப் படித்துவிடாதீர்கள்.